திரைப் பாத்திரங்களின் முகம்: கையும் யந்திரமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கக் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, "சித்திரத் தொழிலைப் பற்றி ஏதாவது பேசும்" என்று சொன்னபோது நான் உடனே சம்மதிக்கவில்லை. மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லாதவன் நான் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்முடைய வீடுகளில், படம் எழுதும் பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் "படிப்பில் அவனுக்குக் கவனம் போதாது" என்ற வாக்கியத்தோடு முடிந்துபோகிறது. அந்தப் பேச்சை இங்கே மறுபடியும் கிளப்புவானேன் என்று தயங்கினேன். காரியதரிசி அவர்கள் விடவில்லை. "நீர் கம்ப்யூட்டரில் எழுதுகிறீரா, கையால் எழுதுகிறீரா என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள், அதையாவது வந்து சொல்லிவிட்டுப் போம்" என்றார்.

இரண்டாலும் எழுதுகிறேன் என்பதே அதற்குப் பதில். ஆனால் இந்தப் பதிலைக் கேட்டு எவரும் திருப்தியடைந்து நான் பார்த்ததில்லை. கைத்தொழிலை மதிக்கிறவர்களுக்கு நான் பாதி மோசக்காரன். யந்திரத்தை மதிக்கிறவர்களுக்கு நான் பாதி பழைய பஞ்சாங்கம். ஆகையால் இன்று சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

என் தொழில், சினிமாவில் வரும் பாத்திரங்களின் முகங்களைச் சித்திரமாக எழுதுவது. நடிகர்களின் முகங்களை எழுதுவது என்று நான் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. 1959-ஆம் வருஷத்தில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தையும், 1968-ஆம் வருஷத்தில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தையும் பார்த்தவர்கள் இங்கே அநேகர் இருப்பீர்கள். இரண்டிலும் சிவாஜி கணேசன் அவர்களே நடித்தார். மூக்கு ஒன்று, கண்கள் ஒன்று, தாடை ஒன்று. கட்டபொம்மனின் மீசையை எடுத்துவிட்டு, கையில் நாகஸ்வரத்தைக் கொடுத்துவிட்டால் சிக்கல் சண்முகசுந்தரம் வந்துவிடுவாரா? வரமாட்டார். இருவருக்கும் கர்வம் உண்டு. ஆனால் அது வெவ்வேறு ஜாதிக் கர்வம். பாளையக்காரன் பிறர் தன்னை வணங்குவதைப் பிறந்தது முதல் கண்டு பழகியவன். வித்துவானோ பிறர் தலையசைக்க வேண்டுமென்று காத்திருப்பவன். காத்திருப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்பதற்காகவே முகவாயைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவன். இந்த வித்தியாசத்தைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் எங்களுடைய வேலை. ஒரே முகத்துக்குள் நடிகர் ஒருவர், பாத்திரம் ஒருவர் என இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். முதல்வரை எழுதக் கண்ணும் கையும் போதும். இரண்டாமவரை எழுத அதற்கு மேலும் ஏதோ வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதிய கதைதான் 'தில்லானா மோகனாம்பாள்'. அதற்குச் சித்திரம் எழுதியவர் கோபுலு அவர்கள். ஆகவே சிவாஜியும் பத்மினியும் நடிப்பதற்கு முன்னமே சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் தமிழ் வாசகர் மனத்தில் முகங்கள் இருந்தன. மணியம் அவர்கள் 'கல்கி'யில் எழுதிய 'பொன்னியின் செல்வன்' சித்திரங்களின் கதையும் இதுவே. 2022-ஆம் வருஷத்தில் அந்தக் கதை சினிமாவாக வந்தபோது, குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் நடிகர்கள் பொருந்துகிறார்களா என்று நம் வீடுகளில் நடந்த சண்டைகள் தங்களுக்கு நினைவிருக்கலாம். நடிகருக்கு முன்னே சித்திரக்காரன் நிற்பது ஒரு வழி. நடிகருக்குப் பின்னே நிற்பது மற்றொரு வழி. நான் பின்னே நிற்கிறவன்.

என் பெரியப்பா மதுரையில் சினிமா பானர் எழுதும் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை செய்தவர். துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வஜ்ஜிரப் பசையும் வெள்ளையும் கலந்து பூசி உலர்த்துவார்கள். உள்ளங்கை அகலமுள்ள ஒரு புகைப்படத்தின் மேல் கட்டம் போடுவார்கள். துணியிலும் அதே கணக்கில் பெரிய கட்டம் போடுவார்கள். பிறகு ஏணியில் ஏறி நின்று, ஒரு கண் மட்டுமே ஓராள் உயரம் இருக்கிற முகத்தை எழுதுவார்கள். எழுதுகிறவனுக்குத் தான் என்ன எழுதுகிறோம் என்பது தெரியாது. மூக்குக்கு ஒரு முழத்தில் துணி நிற்கும். சிறு பிள்ளையாகப் பட்டறைக்குப் போனபோது, கன்னத்தில் பச்சையையும் கழுத்தில் நீலத்தையும் தாராளமாகத் தீட்டியிருப்பதைக் கண்டு பயந்திருக்கிறேன். பெரியப்பா என்னைத் தெருவுக்கு எதிர்ப்புறம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, "இப்போது பார்" என்றார். பச்சை மறைந்து நிழல் ஆயிற்று. நீலம் மறைந்து கழுத்தின் வளைவு ஆயிற்று. எனக்குச் சித்திரத்தில் கிடைத்த முதல் பாடம் அது.

2000-க்குப் பிறகு, கம்ப்யூட்டரில் தயாரித்த புகைப்படங்களைப் பிளாஸ்டிக் சீலையில் பெரிதாக அச்சிடும் யந்திரங்கள் நம் ஊர்களுக்கு வந்தன. பத்து நாள் வேலை ஒரு மணியில் ஆயிற்று, கூலியும் குறைவு. சில வருஷங்களுக்குள் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரியப்பா அதற்குப் பிறகு கடைப்பலகைகளும் பள்ளிக்கூடச் சுவர்களும் எழுதினார். பின்னர் அவையும் நின்றன. நான் கம்ப்யூட்டர் வாங்கியது அந்தச் சமயத்தில்தான். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன், நாகேஷ் அவர்களிடம் மிகுந்த பக்தியுள்ள ஒரு கனவான் என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம். நாகேஷ் நடித்த பாத்திரங்களைத் தம் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்ட வேண்டுமென்றும், முதலில் 'திருவிளையாட'லில் வரும் தருமியை எழுதித் தர வேண்டுமென்றும் கேட்டார். நான் என்ன செய்தேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன். படத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தி, அந்த ஒரு காட்சியைப் பிரதி எடுத்தேன். சித்திரப் பலகை என்று ஒன்று உண்டு. அதன்மேல் ஒரு பேனாவால் எழுதினால் திரையில் கோடு விழும். அழுத்தி எழுதினால் கோடு தடிக்கும். பிரதியை அடியில் வைத்து, அதன்மேல் கண்ணாடித்தாள் போட்டது போலக் கோடுகளை இழுத்தேன். வர்ணங்களையும் அந்தப் பிரதியிலிருந்தே தொட்டு எடுத்தேன். நாகேஷ் அவர்களுடைய முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு என்பது உலகமறிந்த விஷயம். கனவான், "முகத்தைக் கொஞ்சம் சுத்தமாக்கிவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார். யந்திரத்தில் அதற்கென்றே ஒரு தூரிகை இருக்கிறது. தடவினால் தோல் வழுவழுவென்று ஆகிவிடும். தடவினேன். ஒரு பகற்பொழுதில் வேலை முடிந்தது. கனவானுக்குப் பரம சந்தோஷம்.

மாலையில் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நாகேஷ் வந்திருக்கிறார். தருமி எங்கே, தம்பி?" என்றார்.

நான் பேசவில்லை.

"தழும்பை யார் எடுத்தது?"

"நான்தான், பெரியப்பா."

"ஓகோ" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த 'ஓகோ' என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நான் செய்ததில் பிழை எங்கே என்று தேடினேன். முகஜாடை சரியாகத்தான் இருந்தது. யந்திரத்தில் அடியில் வைத்து இழுத்தால் ஜாடை தவறாது. பிழை வேறிடத்தில் இருந்தது. சினிமா என்பது ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படங்கள். நான் நிறுத்தி எடுத்தது அந்த இருபத்துநான்கில் ஒன்று. தருமியோ அந்த ஒரு படத்தில் இல்லை. ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்டுக் கோயிலில் தனியாகப் புலம்பும் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு கணத்தில் பேராசை; அடுத்த கணத்தில் வெட்கம்; அதற்கடுத்த கணத்தில், "எனக்கா கிடைக்கப்போகிறது?" என்கிற அவநம்பிக்கை. கண்கள் கெஞ்சும்போது கழுத்து விறைத்திருப்பதில்லை. கழுத்து நீளும்போது கண்கள் வேறெங்கோ பார்க்கின்றன. இவையெல்லாம் சேர்ந்த முகம் படச்சுருளில் எந்த இடத்திலும் கிடையாது. பார்த்தவன் மனத்தில்தான் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்துக் காகிதத்தில் வைக்க வேண்டும். பிரதி எடுத்தால் வராது.

யந்திரத்தின் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. சித்திரத் தொழிலில் யந்திரம் புகுந்தது இன்று நேற்றல்ல. கோவில்பட்டியில் கொண்டையராஜு அவர்களும் அவர் சிஷ்யர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சு யந்திரங்களின் வழியாகத்தான் நம் பூஜை அறைகளுக்கு வந்தன. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் கையால் வர்ணம் தீட்டுவது நம் ஊர் ஸ்டூடியோக்களில் சாதாரண வழக்கமாக இருந்தது. பல வீடுகளில் தாத்தா பாட்டி படங்கள் அப்படித் தீட்டியவையே. காற்றினால் வர்ணத்தைப் புகைபோலத் தெளிக்கும் 'ஏர் பிரஷ்' என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய இது, முதலில் புகைப்படங்களைத் திருத்துவதற்கே பெரிதும் பயன்பட்டது. தூரிகை துணியைத் தொடாமலே எழுதுவதும் ஒரு சித்திரமா என்று கேட்டவர்களும் உண்டு. இன்று அதைக் கையில் பிடிக்கிறவனைப் பழைய கைத்தொழில்காரன் என்று நாம் கொண்டாடுகிறோம்.

அந்தக் கருவியைக் கொண்டு உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அவர் பெயர் ட்ரூ ஸ்ட்ரூசன். அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்தில் 1947-ஆம் வருஷம் பிறந்தவர். ஏழ்மையில் வளர்ந்தவர். சித்திரப் பள்ளியில் சேர்ந்தபோது, கலைக்காகவே எழுதும் வகுப்பு ஒன்றும், பிறர் கேட்டதை எழுதிக் கொடுக்கும் வகுப்பு ஒன்றும் இருந்தனவாம். பின்னதில் பணம் கிடைக்கும் என்று தெரிந்ததும், சாப்பிட வேண்டுமே என்று அதையே எடுத்துக்கொண்டார். 'ஸ்டார் வார்ஸ்', 'இண்டியானா ஜோன்ஸ்', 'பேக் டு தி ஃப்யூச்சர்' முதலிய படங்களின் சுவரொட்டிகளை எழுதியவர் அவரே. பலகையில் முதலில் பென்சிலால் முகத்தை முழுவதும் வரைந்துகொள்வார். அதன்மேல் ஏர் பிரஷ்ஷால் வர்ணத்தை மெல்லிய புகையாகப் படியவிடுவார். அதற்கு மேலே வர்ணப் பென்சில்களால் ஒவ்வொரு மயிரிழையாக வெளிச்சத்தை எழுப்புவார். பென்சில், யந்திரம், மறுபடியும் பென்சில்! இந்த வரிசையைத் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

1978-ஆம் வருஷத்தில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை மறுபடி வெளியிட்டபோது ஒரு சுவரொட்டி வேண்டியிருந்தது. சார்லஸ் வைட் என்பவர் ஏர் பிரஷ்ஷால் உலோகமும் யந்திரமும் எழுதுவதில் நிபுணர். மனித முகம் எழுத அவருக்கு விருப்பமில்லை. ஆகவே ஸ்ட்ரூசனைக் கூட அழைத்துக்கொண்டார். ஒரே சித்திரத்தில் யந்திர மனிதர்களையும் விமானங்களையும் ஒருவரும், மனித முகங்களை மற்றொருவரும் எழுதினார்கள். எழுதி வரும்போது, பெயர்களை அச்சிடக் கீழே இடம் போதவில்லை என்று தெரிந்தது. உடனே, மரப்பலகையில் ஒட்டிய பழைய சுவரொட்டி கிழிந்து தொங்குவதைப் போலச் சித்திரத்தையே மாற்றி எழுதி இடம் உண்டாக்கிவிட்டார்கள். அந்தக் கிழிசலுக்காகவே இன்று அதைப் போற்றுகிறார்கள். நம் பட்டறைகளிலும் இப்படி எத்தனையோ நடந்திருக்கும். அவற்றை எழுதிவைப்பார் இல்லை.

1982-ஆம் வருஷத்தில் 'தி திங்' என்ற படத்துக்கு அவரை அழைத்தார்கள். மறுநாள் காலையில் சித்திரம் வேண்டுமென்றார்கள். படத்திலிருந்து ஒரு புகைப்படம்கூட அவரிடம் இல்லை. தாமே கனத்த குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நின்று, மனைவியைப் புகைப்படம் எடுக்கச் சொன்னார். இரவெல்லாம் கண்விழித்து எழுதினார். சித்திரத்தை வாங்க ஆள் வந்தபோது வர்ணம் உலரவில்லை. அந்தச் சித்திரத்தில் மனிதனுக்கு முகமே இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெளிச்சக் கீற்றுகள் பீறிட்டு வருகின்றன. யாருடைய உடலுக்குள் எது புகுந்திருக்கிறதென்று தெரியாத கதை அது. முகங்களுக்கே பெயர் பெற்ற ஒருவர் முகத்தை எழுதாமல் விட்டுப் பாத்திரத்தை எழுதிவிட்டார்!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 'ஃபோட்டோஷாப்' என்ற கம்ப்யூட்டர் சாதனத்தை ஆக்கியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள். 1990-ஆம் வருஷத்தில் அது விற்பனைக்கு வந்தது. இவர்களில் ஜான் நோல் வேலை பார்த்தது, 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ் ஸ்தாபித்த தந்திரக் காட்சிக் கம்பெனியில். 1999-ஆம் வருஷத்தில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் புதிய படம் வந்தபோது, அதன் தந்திரக் காட்சிகளை மேற்பார்த்தவர்களில் ஜான் நோல் ஒருவர். அதன் சுவரொட்டியைக் கையால் எழுதியவர் ஸ்ட்ரூசன். கையும் யந்திரமும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தன என்று சொல்லலாம். ஆனால் ஒரு குடித்தனக்காரர் மற்றவரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டார். ஃபோட்டோஷாப்பில் புகைப்படங்களை ஒட்டிச் சேர்ப்பது சுலபமானதும், கையால் எழுதிய சுவரொட்டிகள் அமெரிக்காவிலும் அருகிப்போயின. ஸ்ட்ரூசன் 2008-ஆம் வருஷத்தில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு எப்போதாவதுதான் எழுதினார். 2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் காலமானார். மதுரைப் பட்டறைக்கும் அவருடைய அறைக்கும் நேர்ந்தது ஒன்றே என்பதைப் படித்தபோது எனக்கு ஏதோ ஆறுதல் போலவும் இருந்தது. ஆறுதல் அல்ல என்றும் தெரிந்தது.

யந்திரத்திலேயே முழுவதும் எழுதுகிறவர்களுக்கும் கஷ்டம் உண்டு என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2013-ஆம் வருஷத்தில் கைல் லாம்பர்ட் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர், மார்கன் ஃப்ரீமன் என்ற நடிகரின் முகத்தை ஒரு புகைப்படத்தைப் பார்த்துக் கையகலத் திரையில் விரலாலேயே எழுதினார். இருநூறு மணி நேரத்துக்கு மேல் பிடித்ததாம். தூரிகைத் தடங்கள் மட்டும் இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம். எழுதி முடித்ததும் ஜனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இது சித்திரமல்ல, புகைப்படத்தை ஒட்டியிருக்கிறான்" என்றார்கள். உண்மையாக எழுதியதே என்று பிறர் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. புகைப்படத்தோடு சிறிதும் வித்தியாசமில்லாமல் எழுதுவதில் அடங்கியிருக்கிற ஆபத்து இது. எழுதியவன் பட்ட பாடு பார்க்கிறவனுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

என் தருமிக்குத் திரும்புகிறேன். இரண்டாம் தடவை நான் யந்திரத்தைத் தொடவில்லை. அந்தக் காட்சியைப் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்தேன். பிறகு அணைத்துவிட்டு, வெறுங்காகிதத்தில் பென்சிலால் எழுதினேன். காகிதத்தில் எழுதும்போது ஒரு கட்டாயம் இருக்கிறது. யந்திரத்தில் ஒரு விசையை அழுத்தினால் போட்ட கோடு போடாததாகிவிடும்; நூறு தடவை அப்படிச் செய்யலாம்; ஆகையால் எந்தக் கோட்டையும் மனம் துணிந்து போடுவதில்லை. காகிதத்தில் ரப்பரால் அழித்தாலும் தடம் நிற்கும். மூன்றாம் முறை அழித்தால் காகிதம் பஞ்சாகப் பிரியும். அதனால் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது. புருவம் எங்கே என்று தீர்மானிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. யந்திரத்தில் இரண்டு நிமிஷத்தில் அதை எங்கோ வைத்திருப்பேன்.

அம்மைத் தழும்புகள் ஓர் ஆச்சரியத்தைக் கொடுத்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எழுதினால் வியாதிக்காரன் முகம்போல ஆகிவிடுகிறது. சொரசொரப்பான காகிதத்தை எடுத்து, மெதுவான பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தபோது, காகிதத்தின் மேடுகளில் கரி ஒட்டிக்கொண்டது, பள்ளங்கள் வெள்ளையாக நின்றன. கன்னத்தின் தோல் தானாகவே வந்துவிட்டது. நான் எழுதவில்லை, காகிதம் எழுதிற்று. வழுவழுப்பான கண்ணாடித் திரைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அதன்பிறகுதான் ஸ்கேனரில் வைத்து, சித்திரத்தை யந்திரத்துக்குள் கொண்டுபோனேன். நாங்கள் வழக்கமாக ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் எடுப்போம். முழங்கை நீளமுள்ள காகிதமானால், குறுக்கே ஏழாயிரமும் நெடுக்கே ஏறக்குறைய பத்தாயிரமும் புள்ளிகள் ஆகும். பென்சில் தூள் ஒட்டிய இடம்கூடத் தெரியும். யந்திரத்தில் 'லேயர்' என்று சொல்லும் அடுக்குகள் உண்டு. பென்சில் சித்திரத்தை ஓர் அடுக்கில் வைத்து, வர்ணத்தை மற்றோர் அடுக்கில், அடியிலுள்ள கோடுகள் மறையாதபடி பெருக்கிப் படியவிடலாம். வர்ணக் கண்ணாடியைச் சித்திரத்தின் மேல் வைத்தாற்போல இருக்கும். இங்கேதான் யந்திரத்தின் உபகாரத்தை நான் மனமாரப் புகழ்வேன். பெரியப்பா காலத்தில் பின்புலத்தின் வர்ணத்தை மாற்ற வேண்டுமானால், பழைய வர்ணம் உலரும்வரையில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் ஒரே மாலையில் பன்னிரண்டு பின்புலங்களை வைத்துப் பார்த்தேன். கோயில் தூணின் கருமையும், எங்கிருந்தோ விழும் விளக்கின் மஞ்சளும் போதுமென்று கண்டேன். பிறகு பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, அச்சின் மேல் வர்ணப் பென்சிலால் கண்ணில் ஈரத்தையும் மூக்கு நுனியில் வெளிச்சத்தையும் கையால் வைத்தேன். பென்சில், யந்திரம், மறுபடியும் பென்சில். இந்த வரிசையை மாற்றினால் பலன் மாறிவிடுகிறது என்பது என் அனுபவம். முகம் யாருடையது என்று தீர்மானிக்கும் காரியம் அழித்தால் தடம் நிற்கும் இடத்தில் நடக்க வேண்டும். எத்தனை முறை மாற்றினாலும் குற்றமில்லாத காரியங்களை யந்திரத்தில் செய்துகொள்ளலாம்.

கனவான் இரண்டாவது சித்திரத்தைப் பார்த்தார். "முதலாவதே நன்றாக இருந்தது, முகம் சுத்தமாக இருந்தது" என்று சொல்லி, முதலாவதையே எடுத்துக்கொண்டு, அதற்குரிய தொகையைக் கொடுத்தார். மற்றப் பாத்திரங்களுக்கு அவர் வரவில்லை. இந்தத் தொழிலில் இப்படியும் உண்டு என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றே சொல்கிறேன். வருமானம் ஒரு மாதம் ஏறும், மூன்று மாதம் இறங்கும். நல்ல வேலைக்குத்தான் நல்ல கூலி என்ற உத்தரவாதமும் கிடையாது.

ஆனால் பெரியப்பா இரண்டாவது தருமியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு காகிதம் கொடு" என்றார். அவருக்கு அப்போது எண்பதுக்கு மேல் வயது. வலது கை நடுங்கும். 'தில்லானா மோகனாம்பா'ளில் நாகேஷ் நடித்த சவடால் வைத்தியை எழுதப்போகிறேன் என்றார். அதே நாகேஷ், படம் எடுத்தவரும் அதே ஏ. பி. நாகராஜன், இடையில் மூன்றே வருஷங்கள். ஆனால் தருமி கேட்டு வாங்கப் பிறந்தவன். வைத்தி கேட்காமலே எடுத்துக்கொள்ளப் பிறந்தவன். பதினொரு நாட்கள், காலையில் ஒரு மணி நேரம் வீதம் எழுதினார். தலை ஒரு பக்கம் இருக்க, கண்மணி மற்றொரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. உதட்டின் ஒரு கோடியில் மட்டும் சிரிப்பு. கோடுகள் எல்லாம் நடுங்கியிருந்தன.

வர்ணம் சேர்க்கும் பொறுப்பு என்னிடமும் என் தம்பி மகளிடமும் வந்தது. அவள் பதினெட்டு வயதுப் பெண். யந்திரத்தில் என்னைவிடத் தேர்ந்தவள். நடுங்கும் கோடுகளை நேராக்கித் தரும் ஒரு சௌகரியம் யந்திரத்தில் இருக்கிறது. தாத்தாவுக்கு உதவி செய்வதாக எண்ணி, அவள் அவருடைய கோடுகளின் மேல் அந்தச் சௌகரியத்தோடு மறுபடி எழுதி, நடுக்கத்தை எடுத்துவிட்டாள். சித்திரம் அழகாக இருந்தது. வைத்தியைக் காணோம்! யாரோ ஒரு நல்ல மனிதர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நடுக்கத்தில்தான் வைத்தியின் நிலைகொள்ளாத கள்ளத்தனம் இருந்தது. பெரியப்பா வேண்டுமென்று நடுங்கவில்லை. ஆனால் எந்தப் பாத்திரத்துக்குத் தம்முடைய நடுக்கம் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்திருந்தார். சண்முகசுந்தரத்தை அவர் எழுத ஒப்புக்கொண்டிருக்கமாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அவள் வெட்கப்பட்டுத் தன் கோடுகளை நீக்கிவிட்டாள். முன்பு தழும்பைத் தடவி எடுத்த நான் அவளைக் கடிந்துகொள்ள முடியுமா?

அந்தப் பெண் இன்னொரு காரியமும் செய்து காட்டினாள். 2022-ஆம் வருஷம் முதல், வார்த்தைகளை எழுதிக் கொடுத்தால் தானே சித்திரம் தரும் யந்திர மூளைகள் பரவியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒன்றிடம் வைத்தியைக் கேட்டாள். அரை நிமிஷத்தில் நாலு முகங்கள் வந்தன. நாலிலும் தோல் வழுவழுவென்று இருந்தது. பற்கள் முத்துப்போல வரிசையாக இருந்தன. அது பழைய சித்திரக்காரர்கள் எழுதிய எண்ணிறந்த சித்திரங்களை, பெரும்பாலும் அவர்களைக் கேளாமலே, தின்று கற்றுக்கொண்டது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "தாத்தாவுடைய பானர்களையும் தின்றிருக்குமா, பெரியப்பா?" என்று கேட்டாள். இருக்காது, அவற்றை யாரும் புகைப்படம் எடுத்து வைக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் நின்று, அடுத்த படத்துக்காக வெள்ளை பூசி அழிக்கப்பட்டவை அவை. இதற்காகச் சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டுமென்கிறாள். என் தம்பிக்கு அதில் இன்னும் மனமில்லை. அவன் இந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறான். முடிவு அவனுடையது, மேடையிலிருந்து அவனை நிர்ப்பந்திக்கமாட்டேன். நான் சொன்ன கஷ்டங்களை அவன் கேட்டதுபோல மற்றவற்றையும் கேட்டிருப்பான் என்று நம்புகிறேன்.

ஒரு தகராற்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வைத்தி அச்சாகி வந்ததும், கையெழுத்து யார் போடுவது என்ற கேள்வி எழுந்தது. நாற்பது வருஷத்தில் பெரியப்பா ஒரு பானரிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மூலையில் பட்டறையின் பெயர்தான் இருக்கும். நான் பென்சிலை நீட்டியபோது, "வர்ணம் உன்னுடையது, என் பெயர் எதற்கு?" என்றார். "கோடு உங்களுடையது" என்றேன். "அச்சு யந்திரத்தினுடையது, அதைப் போடச் சொல்" என்று சிரித்தார். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், கீழ் ஓரத்தில் பென்சிலால் மிகச் சிறிதாகத் தம் பெயரை எழுதி, பக்கத்தில் என் பெயருக்கு இடம் விட்டிருந்தார். விட்ட இடம் அவர் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. நான் என் பெயரைச் சின்னதாக எழுதினேன். மிச்சமுள்ள இடத்தில், வர்ணத்தில் பாதி தன்னுடையது என்று சொல்லி, தம்பி மகள் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

அந்த இரண்டு நாகேஷ்களையும் இங்கே கொண்டுவந்து, வாசலுக்கு வலப்புறம் மாட்டியிருக்கிறேன். வைத்தியின் இடது காதருகில் மூன்று முறை அழித்த தடம் தெரியும். அதை யந்திரத்தில் நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. பிள்ளைகள் எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பிறகு தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்றும் பார்க்கலாம். கேள்விகளை என்னிடம் கேட்பதைவிட, மூன்றாவது வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறவரிடம் கேட்பது நலம். அவருக்கு வலது காது சரியாகக் கேளாது. இடது பக்கம் நின்று பேசுங்கள்.